ஐந்தாம் மாத ஸ்கேனில் குறை தெரிந்தால்: நீலகிரிப் பெற்றோருக்கு வாரக் கணக்கில் ஒரு வழிகாட்டி

ரிப்போர்ட்டைக் கையில் வாங்கியதும் அதன் மேல் மூலையில் பேனாவால் ஒன்றை எழுதிக்கொள்ளுங்கள்: இன்றைக்கு எத்தனை வாரம், எத்தனை நாள். 19 வாரம் 4 நாள் என்பது போல. இனி நீங்கள் பார்க்கப்போகும் ஒவ்வொரு டாக்டரும் முதலில் கேட்பது இதைத்தான். எந்தப் பரிசோதனை செய்யலாம், எதற்கு நேரம் கடந்துவிட்டது, சட்டம் எதுவரை இடம் தருகிறது, குழந்தை எங்கே பிறக்க வேண்டும் என்பதெல்லாம் இந்த எண்ணை வைத்தே முடிவாகும். "அஞ்சு மாசம் நடக்குது" என்று சொன்னால் போதாது. ஐந்தாம் மாதத்துக்குள் 18 வாரமும் அடங்கும், 22 வாரமும் அடங்கும். அந்த நான்கு வாரத்துக்குள்தான் பாதிக் காரியம் இருக்கிறது.

மாதவிடாய்த் தேதியும் ஸ்கேன் தேதியும் ஒத்துப்போகாவிட்டால், முதல் மூன்று மாதத்துக்குள் எடுத்த ஸ்கேன் சொன்ன பிரசவத் தேதியையே எல்லா இடத்திலும் சொல்லுங்கள். ஐந்தாம் மாத ஸ்கேனில் புதிதாக ஒரு தேதி அச்சாகியிருக்கும். அதை வைத்துக் கணக்கை மாற்றக் கூடாது. குழந்தை சற்றுச் சிறியதாக இருந்தால் அந்தத் தேதி தவறான வாரத்தைக் காட்டும்.

மலையில் இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு இன்னும் நெருக்கடியானது. குறையை உறுதிசெய்யும் விரிவான ஸ்கேன், பனிக்குட நீர்ப் பரிசோதனை, சிசுவின் இதயத்தை மட்டும் பார்க்கும் எக்கோ ஸ்கேன் எல்லாவற்றுக்கும் பெரும்பாலும் கோயம்புத்தூர் இறங்க வேண்டியிருக்கும். ஊட்டியிலிருந்து ஏறக்குறைய 85 கிலோமீட்டர், பஸ்ஸில் மூன்று மணி நேரத்துக்கு மேல். கோத்தகிரிக்காரர்களுக்குச் சற்றுப் பக்கம். மஞ்சூர், குந்தா பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு வழிக்கே அரை நாள். கூடலூர், பந்தலூர்க்காரர்கள் பலர் கோழிக்கோடு போகிறார்கள். எந்தப் பக்கம் போனாலும் ஒரு நாள் கூலி போகும். அதனால் எந்தப் பயணம் வேண்டாம், எந்தப் பயணத்தை ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது என்று பிரித்தறிவது பணத்தையும் மிச்சப்படுத்தும், சில சமயம் குழந்தையையும் காப்பாற்றும்.

காகிதத்தில் உள்ள வரியைப் பிரித்துப் படியுங்கள்

ரிப்போர்ட்டின் கடைசியில் 'இம்ப்ரெஷன்' என்ற தலைப்புக்குக் கீழே உள்ள வரிகளே முக்கியம். மேலே வரும் பிபிடி, எச்சி, ஏசி, எஃப்எல் என்பவை தலை, வயிறு, தொடை எலும்பின் அளவுகள். அவற்றில் ஒன்று சில நாள் முன்பின்னாக இருப்பது சாதாரணம்.

முதலில் இரண்டு சொற்களை வேறுபடுத்திக்கொள்ளுங்கள். 'நாட் விஷுவலைஸ்டு' என்றால் அந்த உறுப்பு ஸ்கேனில் தென்படவில்லை என்று பொருள். 'ஆப்சென்ட்' என்றால் அந்த உறுப்பு இல்லை என்று பொருள். குழந்தை முதுகைக் காட்டிப் படுத்திருந்தாலும், அம்மாவின் வயிற்றுச் சதை தடிமனாக இருந்தாலும், இதயமோ உதடோ சரியாகத் தெரியாது. அது குறை அல்ல, முடியாமல் நின்ற பரிசோதனை. சற்று நடந்து, ஏதாவது சாப்பிட்டுவிட்டு அன்றே திரும்பப் பார்க்கலாம். முடியாவிட்டால் ஒரு வாரத்தில் பார்க்கலாம். இந்த ஒரு சொல்லைத் தவறாகப் படித்து வாரக்கணக்கில் தூங்காமல் இருக்கும் வீடுகள் உண்டு.

அடுத்தது, குறையே அல்லாத அடையாளங்கள். இதயத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி, மூளையில் கோராய்டு பிளெக்ஸஸ் நீர்க்கட்டி, சிறுநீரகத்தின் நடுப்பகுதி லேசாக விரிந்திருப்பது, தொப்புள்கொடியில் இரண்டுக்குப் பதில் ஒரே தமனி. இவற்றை 'சாஃப்ட் மார்க்கர்' என்பார்கள். தனியாக ஒன்று மட்டும் இருந்து, மற்ற எல்லாம் சரியாக இருந்து, ரத்தப் பரிசோதனையிலும் ரிஸ்க் குறைவு என்றால், பெரும்பாலும் குழந்தைக்கு ஒன்றும் இருக்காது. அந்த மூளை நீர்க்கட்டி பொதுவாக 28 வாரத்துக்குள் தானாகவே மறைந்துவிடும். சிறுநீரக விரிவு 4 முதல் 7 மில்லிமீட்டர் என்றால் 32 வாரத்தையொட்டி ஒரு ஸ்கேன் போதும். ஆனால் சிறுநீர்ப்பையும் வீங்கி, பனிக்குட நீரும் குறைந்திருந்தால் அது வேறு கதை. அன்றே போன் செய்து நாள் வாங்குங்கள். அடையாளம் ஒன்றுக்கு மேல் இருந்தாலோ, மூக்கெலும்பு இல்லை என்றாலோ, பிடரித் தோல் 6 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ என்றாலோ, அதைச் சாதாரணமாக விடக் கூடாது.

மூன்றாவது, உண்மையான அமைப்புக் குறைகள்: இதயத்தில் ஓட்டை அல்லது குழாய் மாறியிருத்தல், உதடு மற்றும் அண்ணப் பிளவு, வளைபாதம், முதுகுத்தண்டு மூடாமை, வயிற்றுச் சுவர் திறந்து குடல் வெளியே இருத்தல், மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்தில் ஓட்டை, மூளையில் நீர் அறை விரிதல். கடைசியாகச் சொன்னதில் 10 மில்லிமீட்டர்தான் எல்லைக்கோடு. 10 முதல் 12 வரை லேசானது, 15-க்கு மேல் தீவிரமானது. உங்கள் ரிப்போர்ட்டில் எண் இல்லாமல் வெறும் சொல் மட்டும் இருந்தால், "எத்தனை மில்லிமீட்டர்னு எழுதித் தாங்க மேடம்" என்று கேட்டு வாங்குங்கள். அடுத்த ஸ்கேனில் கூடியதா குறைந்ததா என்று ஒப்பிட அந்த எண் வேண்டும்.

ஸ்கேன் படங்கள் தெர்மல் காகிதத்தில் அச்சாகின்றன. ஈரத்திலும் வெளிச்சத்திலும் அவை மங்கிவிடும். லேமினேஷன் செய்தால் சூட்டில் முழுக்கக் கறுத்துவிடும். வாங்கிய அன்றே ஒவ்வொன்றையும் போனில் படம் எடுத்துவையுங்கள்.

ரத்தப் பரிசோதனை எண் சொல்வது

11 வாரம் முதல் 13 வாரம் 6 நாள் வரை எடுக்கும், குழந்தையின் பிடரி நீரை அளக்கும் என்டி ஸ்கேனும் டபுள் மார்க்கர் ரத்தப் பரிசோதனையும் சேர்ந்து ஒரு விகிதத்தைத் தரும். 1:150 என்று வந்தால் "ஹை ரிஸ்க்" என்று சிவப்பில் அச்சாகும். பல லேப்கள் 1:250-ஐ எல்லையாக வைத்திருக்கின்றன. இதே எண் வந்த 150 தாய்மார்களில் ஒருவரின் குழந்தைக்கு, மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் பிறவிக் குறையான டவுன் சிண்ட்ரோம் இருக்கலாம், மற்ற 149 பேரின் குழந்தைக்கு இருக்காது என்பதே அதன் பொருள். சந்தேகத்தின் அளவைச் சொல்லும் எண் அது. நோய் உறுதி என்று சொல்லும் எண் அல்ல.

தாயின் ரத்தத்தில் கலந்திருக்கும் கருவின் மரபணுத் துணுக்குகளைப் பார்க்கும் என்ஐபிடி, டவுன் சிண்ட்ரோமை நூற்றுக்கு 99-க்கு மேல் கண்டுபிடிக்கும். 10 வாரத்துக்குப் பிறகு எப்போதும் செய்யலாம். ஆனாலும் அதுவும் சந்தேகத்தை வடிகட்டிச் சொல்லும் பரிசோதனைதான், உறுதிசெய்யும் பரிசோதனை அல்ல. என்ஐபிடி மட்டும் 'ஹை ரிஸ்க்' என்று வந்ததை வைத்துக் கருவைக் கலைக்கும் முடிவுக்குப் போகவே கூடாது. பனிக்குட நீரில் உறுதியான பிறகே எந்த முடிவும். அதேபோல் ஸ்கேனில் உடலமைப்புக் குறை தெரிந்துவிட்டால், பல ஆயிரம் ரூபாய் கொடுத்து என்ஐபிடி செய்வதில் பயன் குறைவு. மரபணுக்களைச் சுமக்கும் இழைகளான குரோமோசோம்களில் சிலவற்றை மட்டுமே அது நன்றாகப் பார்க்கும். அந்தப் பணத்தையும் நாளையும் பனிக்குட நீர்ப் பரிசோதனைக்கு வையுங்கள்.

இருளர், குறும்பர், பணியர் உள்ளிட்ட சமூகங்களில் அரிவாள் செல் ரத்தசோகை பரம்பரையாக வருகிறது. இது எந்த ஸ்கேனிலும் தெரியாது. கணவன், மனைவி இருவருக்கும் எச்பிஎல்சி என்ற ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். இருவருமே அந்த மரபணுவைச் சுமப்பவர்கள் என்றால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்கு அந்த நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. அப்படித் தெரிந்தவர்கள் ஐந்தாம் மாதம் வரை காத்திருக்க வேண்டாம். 11 வாரத்திலிருந்தே நஞ்சுக்கொடித் திசுவை எடுத்துப் பார்க்கலாம்.

கோயம்புத்தூருக்கு ஒரே பயணத்தில் முடிப்பது எப்படி

கேட்க வேண்டிய ஆள் 'ஃபீட்டல் மெடிசின்', அதாவது வயிற்றில் உள்ள சிசுவுக்கான மருத்துவம் படித்த டாக்டர். வழக்கமாகப் பிரசவம் பார்க்கும் டாக்டரே ஒரு பரிந்துரைக் கடிதம் எழுதித் தருவார். அதில் குறையின் பெயர், வாரம், உங்கள் ரத்த குரூப் மூன்றும் இருக்க வேண்டும். போனில் நாள் வாங்கும்போதே இப்படிக் கேளுங்கள்: "நாங்க ஊட்டியில இருந்து வர்றோம். அன்னைக்கே ஸ்கேனும் இதய எக்கோவும் எடுத்துட முடியுமா? ஊசிப் பரிசோதனை தேவைப்பட்டா அன்னைக்கே செய்வீங்களா?" இதைக் கேட்காமல் போய், மூன்று வேலைக்கு மூன்று முறை மலை இறங்குபவர்களே அதிகம்.

அரசு வழியில் போகிறவர்கள் ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ குன்னூர் லாலி மருத்துவமனையிலோ கடிதம் வாங்கிக்கொண்டு கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். திருச்சி சாலையில், ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. வெளிநோயாளர் சீட்டு காலையில்தான் தருவார்கள். முதல் பஸ்ஸைப் பிடித்தாலும் தாமதமாகலாம். முந்தின நாள் மாலையே இறங்கி உறவினர் வீட்டில் தங்குவது நல்லது.

கையில் ஆதார் இருக்க வேண்டும். ஒவ்வொரு கர்ப்ப ஸ்கேனுக்கும் 'ஃபார்ம் எஃப்' நிரப்புவது சட்டப்படி கட்டாயம். ஆணா பெண்ணா என்று கேட்காதீர்கள். கேட்பதும் சொல்வதும் 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் குலுங்குவதால் குழந்தைக்கு ஒன்றும் ஆகாது. கார் என்றால் சீட் பெல்ட்டின் கீழ்ப்பட்டை வயிற்றுக்குக் கீழே இடுப்பெலும்பின் மேலும், மேல்பட்டை இரு மார்புகளுக்கு நடுவிலும் வர வேண்டும். வயிற்றின் மேலேயே பெல்ட் போட்டால் அதுதான் ஆபத்து.

இதய எக்கோவுக்கு 20 முதல் 24 வாரம் நல்ல சமயம். 3டி, 4டி படம் முகத்தை அழகாகக் காட்டும். இதயத்துக்கு அதைவிட அனுபவமுள்ள கண் முக்கியம்.

பனிக்குட நீர்ப் பரிசோதனை

15 வாரம் முடிந்த பிறகு செய்யலாம். ஸ்கேனில் பார்த்துக்கொண்டே மெல்லிய ஊசியால் வயிற்றின் வழியாக ஏறக்குறைய 20 மில்லி நீர் எடுப்பார்கள். சில நிமிட வேலை. மயக்க மருந்து தேவையில்லை, வெறும் வயிற்றோடு வர வேண்டியதும் இல்லை. கருச்சிதைவு அபாயம் 200-இல் ஒன்றுக்கும் குறைவு. உங்கள் ரத்தம் நெகட்டிவ் குரூப் என்றால் 72 மணி நேரத்துக்குள் ஆன்டி-டி ஊசி போட வேண்டும். அவர்கள் மறந்தாலும் நீங்கள் மறக்காதீர்கள்.

அன்றே மலை ஏறாதீர்கள். ஒரு இரவு கீழே தங்குங்கள். நீர் கசிவு, ரத்தம், விடாத வலி, காய்ச்சல் வந்தால் திரும்பிப் போக அரை மணி நேரத்தில் மருத்துவமனை இருக்க வேண்டும். பர்லியாறில் நடுவழியில் மாட்டிக்கொள்ளக் கூடாது.

முடிவு எப்போது வரும் என்பதில்தான் வாரக் கணக்கு கழுத்தைப் பிடிக்கிறது. 13, 18, 21-ஆம் குரோமோசோம்களை மட்டும் பார்க்கும் விரைவுப் பரிசோதனை சில நாளில் வரும். செல்களை வளர்த்து எல்லாக் குரோமோசோமையும் பார்க்க இரண்டு முதல் மூன்று வாரம் ஆகும். அமைப்புக் குறை இருந்தால் 'மைக்ரோஅரே'யும் சேர்த்துக் கேளுங்கள். சாதாரணப் பரிசோதனையில் தெரியாத, குரோமோசோமில் உள்ள சிறு இழப்புகளை அது காட்டும். இப்போது கணக்குப் போடுங்கள். 19 வாரத்தில் ஸ்கேன், 20-இல் கோயம்புத்தூர், 23-இல் முடிவு. யோசிக்க ஒரு வாரம் மிஞ்சும். "பொங்கல் முடியட்டும்", "பறிப்பு சீசன் முடியட்டும்" என்று ஸ்கேனையே 22 வாரத்தில் எடுத்தால் முடிவு வரும்போது 26 வாரம். அனாமலி ஸ்கேன் எனப்படும் இந்த ஐந்தாம் மாத ஸ்கேனை 18 முடிந்து 19-இல் எடுத்துவிடச் சொல்வது இதனால்தான்.

டாக்டரிடம் கேட்க வேண்டியவை

அறைக்குள் போனால் பாதி மறந்துவிடும். ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள், கணவரோ அக்காவோ ஒருவர் பதிலைக் குறித்துக்கொள்ளட்டும். நாங்கள் முக்கியமாக நினைப்பவை இவை: இந்தக் குறை தனியாக இருக்கிறதா, வேறு குறையோடு சேர்ந்திருக்கிறதா? பிறந்த முதல் நாளே சிகிச்சை தேவைப்படுமா, சில மாதம் காத்திருக்கலாமா? எத்தனை ஆபரேஷன், எந்தெந்த வயதில்? அதற்குப் பிறகு குழந்தை நடக்குமா, பேசுமா, பள்ளிக்கூடம் போகுமா? அடுத்த ஸ்கேன் எந்த வாரம்? எதைக் கண்டால் உடனே ஓடி வர வேண்டும்?

ஆபரேஷன் தேவைப்படும் குறை என்றால், அந்த ஆபரேஷனைச் செய்யும் டாக்டரையே பிரசவத்துக்கு முன் ஒருமுறை பாருங்கள். உதட்டுப் பிளவு என்றால் பிளாஸ்டிக் சர்ஜன், இதயம் என்றால் குழந்தை இதய டாக்டர், குடல், முதுகுத்தண்டு என்றால் குழந்தைகள் அறுவை நிபுணர். ஸ்கேன் டாக்டர் குறையைச் சொல்வார். குறை சரியான குழந்தைகளைப் பார்த்தவர் சர்ஜன். இரண்டு பேச்சுக்கும் வித்தியாசம் உண்டு.

வளைபாதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கேட்கப் பயமாக இருக்கும். ஆனால் பிறந்த ஓரிரு வாரத்தில் தொடங்கி, வாரம் ஒரு மாவுக்கட்டு என ஐந்து முதல் ஏழு கட்டு மாற்றி, தேவைப்பட்டால் குதிகால் தசைநாணில் சின்ன வெட்டு போட்டால் பாதம் நேராகும். பிறகு பட்டையுள்ள ஷூவை மூன்று மாதம் நாளெல்லாமும், அதன்பின் நான்கு வயது வரை தூங்கும்போதும் போட வேண்டும். திரும்ப வளைந்த பாதங்களில் பெரும்பாலானவற்றில் தவறியது அந்த ஷூதான், கட்டு அல்ல.

"யார் செய்த தப்பு?"

இந்தக் கேள்வி எல்லா வீட்டிலும் வரும். கிரகணத்தன்று வெளியே போனாள், தேயிலை மூட்டை தூக்கினாள், ஜீப்பில் போனாள், பப்பாளி தின்றாள் என்று ஒவ்வொருவரும் ஒன்று சொல்வார்கள். குழந்தையின் முதுகுத்தண்டுக் குழாய் கரு உண்டான 28 நாளுக்குள் மூடிவிடுகிறது. உதடும் இதயமும் முதல் இரண்டு, இரண்டரை மாதத்துக்குள் உருவாகிவிடுகின்றன. பல பெண்களுக்கு நாள் தள்ளியதே அப்போதுதான் தெரியும். நான்காம் மாதத்தில் தூக்கிய மூட்டையால் உதடு பிளக்காது. நூற்றில் இரண்டு மூன்று குழந்தைகள் ஏதாவது ஒரு பெரிய குறையோடு பிறக்கின்றன, பெரும்பாலும் காரணம் தெரிவதே இல்லை.

உண்மையில் டாக்டரிடம் சொல்ல வேண்டிய காரணங்கள் வேறு: கர்ப்பத்துக்கு முன்பே இருந்த கட்டுப்படாத சர்க்கரை, வலிப்புக்கு எடுக்கும் வால்ப்ரோயேட், முகப்பருவுக்கு எடுக்கும் ஐசோட்ரெட்டினோயின், தாய்மாமன் அல்லது அத்தை மகன் உறவுக்குள் நடந்த திருமணம். வலிப்பு மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். வலிப்பு வந்தால் இருவருக்கும் ஆபத்து. மாமியாரிடம் சொல்லச் சுருக்கமாக ஒரு வாக்கியம் வைத்துக்கொள்ளலாம்: "அத்தை, டாக்டர் இது யாராலயும் வந்தது இல்லைன்னு சொல்லிட்டாங்க. அடுத்த ஸ்கேன் பாத்துட்டு நானே உங்ககிட்ட சொல்றேன்." ஊர் முழுக்கச் சொல்ல வேண்டியதில்லை. தூக்கமே வராத இரவுகளில் 14416 என்ற இலவச மனநல எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

சட்டம் தரும் இடம்

2021-இல் திருத்திய கருக்கலைப்புச் சட்டப்படி 20 வாரம் வரை ஒரு டாக்டரின் கருத்து போதும். கருவில் குறை இருந்தால் 20 முதல் 24 வாரம் வரை இரண்டு டாக்டர்களின் கருத்து வேண்டும். 24 வாரத்தைத் தாண்டினால், கடுமையான குறை இருந்தால் மட்டும், மருத்துவ வாரியம் பார்த்து அனுமதிக்கும். விண்ணப்பித்த 3 நாளுக்குள் வாரியம் கருத்துச் சொல்ல வேண்டும் என்பது விதி. இந்த வழியைத் தொடங்க அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மகப்பேறு பிரிவில் கேளுங்கள்.

18 வயது நிரம்பிய பெண்ணின் சம்மதம் மட்டுமே தேவை. கணவர் கையெழுத்து, மாமனார் அனுமதி எதையும் சட்டம் கேட்கவில்லை. அதேபோல், தொடர விரும்பும் பெண்ணைக் கலைக்கச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. இரண்டு முடிவும் நல்ல தாய்மார்கள் எடுக்கும் முடிவுகளே.

மருந்துக் கடையில் மாத்திரை வாங்கி வீட்டில் போட்டுக்கொள்ள வேண்டாம். இந்த வாரங்களில் அது உயிருக்கே ஆபத்து. முன்பு சிசேரியன் ஆனவர்களுக்குக் கருப்பை கிழியலாம். கருக்கலைப்பு மருத்துவமனையில் ஓரிரு நாள் தங்கிப் பிரசவம் போலவே நடக்கும். முடிந்த இரண்டு மூன்று நாளில் பால் சுரக்கும். இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. அந்த நேரத்தில் அது மனதை உடைத்துவிடும். பால் நிறுத்தும் மாத்திரையை டிஸ்சார்ஜுக்கு முன்பே கேளுங்கள். நன்றாகத் தாங்கும் உள்ளாடை, குளிர்ந்த துணி ஒத்தடம் உதவும். பீய்ச்சினால் மேலும் சுரக்கும். குழந்தையைப் பார்க்க வேண்டுமா, துணியில் சுற்றிக் கையில் வாங்க வேண்டுமா என்பதை நீங்கள் முடிவு செய்யலாம், நர்ஸிடம் கேட்கலாம். எஸ்டேட்டிலோ கம்பெனியிலோ வேலை செய்பவர்களுக்குச் சட்டப்படி இதற்கு 6 வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. டிஸ்சார்ஜ் சீட்டின் நகல் கொடுக்க வேண்டும்.

அடுத்த கர்ப்பத்துக்கு முன் ஒன்று: முதுகுத்தண்டு அல்லது மண்டையோடு மூடாத குறை இருந்தவர்கள் கரு உண்டாவதற்கு ஒன்று முதல் மூன்று மாதம் முன்பிருந்தே 5 மில்லிகிராம் ஃபோலிக் ஆசிட் தினமும் எடுக்க வேண்டும். 1991-இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வில், 4 மில்லிகிராம் எடுத்தவர்களுக்குக் குறை திரும்ப வருவது ஏறக்குறைய முக்கால் பங்கு குறைந்தது. நாள் தள்ளிய பிறகு தொடங்கினால் பலன் போய்விடும்.

தொடர்கிறீர்கள் என்றால்: பிரசவ இடத்தை 28 வாரத்துக்குள் முடிவு செய்யுங்கள்

குறை இருப்பதாலேயே சிசேரியன் தேவையில்லை. பெரும்பாலான குறைகளுக்குச் சுகப்பிரசவமே போதும். வேண்டியது சரியான இடம். இதயக் குழாய்கள் இடம் மாறியிருந்தாலோ, இதயத்தின் ஒரு பக்கம் வளராமல் இருந்தாலோ, குழந்தை பிறந்த சில மணி நேரத்திலேயே இதயத்தருகே உள்ள ரத்தக் குழாய் மூடாமல் வைக்கும் புரோஸ்டாகிளாண்டின் சொட்டு மருந்து தேவைப்படலாம். உதரவிதான ஓட்டை, குடல் வெளியே இருத்தல் ஆகியவற்றுக்கும் பிறந்த உடனே சிறப்புச் சிகிச்சை வேண்டும். இவர்கள் மலையில் பிரசவம் வைத்துக்கொள்ளக் கூடாது. பிறந்த பிறகு ஆம்புலன்ஸில் இறக்குவதைவிட வயிற்றில் வைத்தே இறக்குவது எத்தனையோ மடங்கு பாதுகாப்பு. சின்ன இதய ஓட்டை, உதட்டுப் பிளவு, வளைபாதம், லேசான சிறுநீரக விரிவு உள்ளவர்கள் ஊட்டியிலோ குன்னூரிலோ பிரசவிக்கலாம்.

கீழே பிரசவம் என்றால் 36 வாரத்தில் இறங்கி, மருத்துவமனைக்கு அரை மணி நேரத் தூரத்தில் தங்குங்கள். ஏப்ரல், மே சீசனில் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியாக ஏறி கோத்தகிரி வழியாக இறங்கும் ஒருவழிப் போக்குவரத்தும் நெரிசலும் இருக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை குன்னூர் மலைப்பாதையில் மண் சரியும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கூடலூர்ப் பக்கம் மழை. வலி வந்த பிறகு ரோட்டைப் பற்றி யோசிக்கும் நிலை வரவே கூடாது.

அதற்குள் பணத்துக்கான வேலையை முடியுங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று வாங்கி, ரேஷன் கார்டு, ஆதாரோடு ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள மையத்துக்குப் போக வேண்டும். ஏழாம் மாதத்துக்குள் செய்துவிடுங்கள். குழந்தை ஐசியூவில் இருக்கும்போது அப்பா வரிசையில் நிற்கக் கூடாது. கேரளத்தில் பிரசவம் பார்ப்பவர்கள் இந்த அட்டை அங்கே செல்லுமா என்று அந்த மருத்துவமனையில் முன்பே கேளுங்கள். வேறு ஊரில் பிரசவம் என்றால் உங்கள் கிராம நர்ஸம்மாவிடம் சொல்லுங்கள். கர்ப்பத்தைப் பதிந்தபோது தந்த பிக்மி எண்ணைக் கையில் வைத்திருங்கள், பிறப்புச் சான்றுக்கு அது வேண்டும்.

ஃபைலின் மேலே ஒரே பக்கக் கடிதம் ஒன்று இருக்கட்டும். குறையின் பெயர், கடைசி ஸ்கேன் தேதி, ரத்த குரூப், குழந்தைக்குப் பிறந்ததும் என்ன செய்ய வேண்டும், எந்த டாக்டருக்குப் போன் செய்ய வேண்டும் என்று உங்கள் டாக்டரே எழுதித் தர வேண்டும். இரவு டூட்டி டாக்டர் நூறு பக்க ஃபைலைப் புரட்ட மாட்டார். மலைப்பாதையில் பல இடங்களில் சிக்னல் கிடைக்காது. போனில் இருந்தால் மட்டும் போதாது, காகிதமும் வேண்டும்.

எதிர்பாராமல் 108-லேயே பிறந்துவிட்டால் இதைச் சொல்லுங்கள். குடல் வெளியே இருந்தால் சுத்தமான பிளாஸ்டிக் உறையால் மார்பு வரை மூட வேண்டும், பால் கொடுக்கக் கூடாது. முதுகில் புண் போலத் திறந்திருந்தால் சலைனில் நனைத்த சுத்தமான துணியால் மூடிக் குப்புறப் படுக்க வைக்க வேண்டும். உதரவிதான ஓட்டை என்றால் முகமூடி வைத்துக் காற்றை அழுத்தக் கூடாது. அது வயிற்றை ஊதி நுரையீரலை நசுக்கும். எல்லாக் குழந்தைக்கும் சூடு முக்கியம்.

பால், குளிர், உயரம்

உதடு மட்டும் பிளந்திருந்தால் பெரும்பாலும் தாய்ப்பால் நேராகவே குடிக்கும். பிளவை உங்கள் மார்பே மூடிவிடும். அண்ணமும் பிளந்திருந்தால் உறிஞ்ச முடியாது. பீய்ச்சிய பாலை நம் பாலாடையிலோ கரண்டியிலோ கொடுங்கள். குழந்தையை நிமிர்த்திப் பிடித்து, கன்னத்தின் உள்பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, விழுங்கியதைப் பார்த்துவிட்டு அடுத்த வாய் கொடுக்க வேண்டும். அடிக்கடி ஏப்பம் எடுங்கள். படுக்க வைத்து ஊற்றினால் மூச்சுக்குழலுக்குள் போகும். உதட்டுக்கு ஏறக்குறைய மூன்றாம் மாதத்திலும், அண்ணத்துக்கு 9 மாதத்திலிருந்து ஒன்றரை வயதுக்குள்ளும் ஆபரேஷன் நடக்கும். அதுவரை எடைதான் முக்கியம். வாரம் ஒருமுறை எடை பாருங்கள்.

ஊட்டி ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரம். காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் அவ்வளவே. கூடலூர் அதில் பாதி உயரம்கூட இல்லை. நீலம் பாரிக்கும் இதயக் கோளாறோ நுரையீரல் பிரச்சினையோ உள்ள குழந்தையை மேலே கொண்டுவரும் முன் டாக்டரிடம் ஊரின் பெயரைச் சொல்லியே கேளுங்கள்: "எங்க வீடு ஊட்டியில இருக்கு. இந்த உயரத்துக்கு எப்போ கூட்டிட்டுப் போகலாம்?" வெறுமனே "வீட்டுக்குப் போலாமா" என்றால் சமவெளி வீட்டை நினைத்துத் தலையாட்டிவிடுவார்கள். உதடு, நாக்கு நீலமாவது, பால் குடிக்கும்போது வியர்த்து ஓய்ந்துபோவது, மூச்சு வாங்கி விலா உள்ளிழுப்பது ஆகியவற்றில் எதைக் கண்டாலும் அன்றே மருத்துவமனை.

டிசம்பர், ஜனவரி இரவுகளில் குழந்தையை உங்கள் வெறும் மார்போடு அணைத்து, மேலே கம்பளி போர்த்தி, குல்லாவும் காலுறையும் போடுங்கள். மூடிய அறையில் கரி அடுப்பை வைத்துத் தூங்காதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை இல்லை. முழுக் குடும்பமே விழிக்காமல் போகலாம், இதயம் பலவீனமான குழந்தை முதலில் போகும்.

சிறுநீரக விரிவு இருந்த குழந்தைக்குப் பிறந்த அன்றே ஸ்கேன் எடுத்தால் சரியாக இருப்பதுபோல் தவறாகக் காட்டலாம், அப்போது சிறுநீர் குறைவாக இருக்கும். 48 மணி நேரம் கழித்து எடுங்கள். டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு இதயக் குறை இருக்கும் என்பதால் முதல் வாரத்திலேயே எக்கோ, தைராய்டு, காது கேட்கும் பரிசோதனை மூன்றும் செய்ய வேண்டும். பிறவிக் குறை உள்ள எந்தக் குழந்தைக்கும் மாவட்டத்தின் தொடக்கநிலை இடையீட்டுச் சேவை மையத்தில் பிசியோதெரபி, பேச்சுப் பயிற்சி, அறுவைக்கான பரிந்துரை எல்லாம் இலவசம். குழந்தை நடக்கத் தாமதமாகும் வரை காத்திருக்காமல், டிஸ்சார்ஜ் ஆகும் நாளிலேயே அங்கே போக வேண்டிய தேதியைக் கேட்டு, டிஸ்சார்ஜ் சீட்டின் பின்பக்கம் எழுதி வாங்கிக்கொண்டு மலை ஏறுங்கள்.